எரியாத டிராக்டர் ஏன் கெட்டுப்போனது?

மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்த கடிதம் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன்.

"மாசி மாசம் எங்க கொட்டகையில தீப்பிடிச்சுது. வைக்கோல், பழைய பி.வி.சி. குழாய், ரெண்டு மூட்டை கந்தகத் தூள், தார்ப்பாய் எல்லாம் போச்சு. இன்னொரு கோடியில நின்ன டிராக்டர் மேல ஒரு பொறிகூட விழலை. பெயின்ட் பொசுங்கலை, டயர் உருகலை. கரி மட்டும் படிஞ்சிருந்துச்சு. மறுநாளே மோட்டார் போட்டு நல்லா அலசி, செல்ஃப் அடிச்சேன். ஒரே அடியில எடுத்துக்குச்சு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வெச்சோம். இருபது நாள் கழிச்சு செல்ஃப் சுத்தலை. டைனமோ சார்ஜ் ஏத்தலை. வயர் முனையெல்லாம் பச்சை பூத்துக்கிடக்கு. பவர் ஸ்டீயரிங் சிலிண்டர் ராடு அம்மைத் தழும்பு மாதிரி பொரிஞ்சு, ஆயில் ஒழுகுது. எரியாத வண்டி எப்படி சார் கெட்டுப்போகும்?"

இதற்கு நான்கு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.எஸ்சி. விவசாயம். பயிரும் மண்ணும்தான் என் பாடம், இயந்திரம் இல்லை. புகை இரும்பைத் தின்னும் என்பதை நான் தெரிந்துகொண்டது வயலில் அல்ல, சென்னை மயிலாப்பூரில் ஒரு தையல் கடையில்.

என் மைத்துனர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் தையல் கடை வைத்திருந்தார். எட்டு மின் தையல் இயந்திரங்கள். ஒருநாள் ராத்திரி கீழே மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர் பலகை எரிந்தது. நெருப்பு மேலே ஏறவே இல்லை. புகை மட்டும் ஏறியது. காலையில் போய்ப் பார்த்தால் இயந்திரங்கள் மேல் மெல்லிய கறுப்புப் படலம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அன்று மாலையே தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஊசித்தண்டு துருப்பிடித்தது. பாபின் கேஸ் சிக்கியது. மாதம் முடிவதற்குள் மூன்று மோட்டார்கள் போய்விட்டன.

அடுத்த வாரம் அலுவல் விஷயமாக நந்தனத்தில் உள்ள வேளாண் பொறியியல் துறைத் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. அந்தத் துருப்பிடித்த பாபின் கேஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பழக்கமான பொறியாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடுக்கில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டி, இரண்டு சொட்டு காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, அமில-காரம் பார்க்கும் காகிதத்தை அதில் தொட்டார். காகிதம் சிவந்தது. "இது கரி இல்லை சார், ஆசிட்" என்றார்.

விஷயம் இதுதான். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் மூலப்பொருளில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின் இருக்கிறது. மின்வயரின் மேலுறை, பாசனக் குழாய், சில வகை விரிப்புகள் எல்லாம் பி.வி.சி.தான். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்ததும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கக்கூஸ் கழுவ வாங்குகிறோமே, அதே அமிலம். புகைக்கரி பஞ்சு மாதிரி. அமிலத்தையும் பனியையும் பிடித்து இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். கந்தகத் தூள் எரிந்திருந்தால் அதிலிருந்து வரும் வாயுவும் ஈரத்தில் அமிலமாகும். நம் வாசகர் கொட்டகையில் இரண்டும் எரிந்திருக்கின்றன. கடற்கரை மாவட்டங்களில் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம் என்பதால், உள்நாட்டில் மெதுவாக நடப்பது இங்கே வேகமாக நடக்கும்.

சொட்டுநீர்க் குழாயும் அப்படியா என்று கேட்பீர்கள். பக்கவாட்டில் போகும் கறுப்புக் குழாய் பாலிஎத்திலீன். அதில் குளோரின் இல்லை. கரி படியும், அமிலம் அவ்வளவு வராது. மெயின், சப்-மெயின் குழாய்கள் பெரும்பாலும் பி.வி.சி. அதனால் கொட்டகையில் என்ன எரிந்தது என்று முதலில் கணக்குப் பாருங்கள். வைக்கோல் மட்டும் எரிந்திருந்தால் பயம் குறைவு. குழாயும் வயரும் எரிந்திருந்தால் நேரம் மிகக் குறைவு. முதல் இரண்டு நாளில் என்ன செய்கிறோம் என்பதில்தான் வண்டி பிழைப்பதும் போவதும் இருக்கிறது.

தீ அணைந்த உடனே வண்டிக்கிட்டே ஓடாதீர்கள். சூடேறிய டயர் தீ அணைந்து பல மணி நேரம் கழித்தும் வெடிக்கும். உள்ளே ரப்பர் பொசுங்கி வாயு சேர்ந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. டயரின் பக்கவாட்டில் நிற்கவே கூடாது. முழுதாக ஆறட்டும். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், முதலில் நெகட்டிவ்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. இன்ஜின் ஆயில் சீல், டீசல் பம்ப் இவற்றில் சில வளையங்கள் ஃப்ளோரின் கலந்த ரப்பரில் செய்யப்படுகின்றன. அவை 300 டிகிரிக்கு மேல் வெந்தால் கருகிப் பிசுபிசுப்பாகும். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கலாம். தோலில் பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்து எலும்புவரை வலிக்கும். எரிந்த இன்ஜினில் கறுப்பாகப் பிசுக்கு இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த ரப்பர் கையுறை போட்ட மெக்கானிக், தெளிந்த சுண்ணாம்பு நீரால் அந்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கையில் பட்டுவிட்டால் நிறைய தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன பட்டது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கென்றே கால்சியம் கலந்த களிம்பு இருக்கிறது.

தீயணைப்பான் பொடி அடித்திருந்தால் அதையும் விட்டுவைக்கக் கூடாது. ஏ.பி.சி. வகை உருளையில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். உரக்கடையில் 12:61:0 என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். உரமூட்டை கிடந்த இடத்தில் தகரம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி கழுவுவது. இங்கேதான் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

சுமார் பதினைந்து வருடத்துக்கு முன்னால், கடலோர வட்டாரம் ஒன்றில் வேலை பார்த்தபோது, ஒரு விவசாயி போன் செய்தார். பவர் டில்லர் நின்ற கொட்டகை எரிந்துவிட்டது, வண்டி தப்பித்துவிட்டது, என்ன செய்யலாம் சார் என்று கேட்டார். "நல்லா தண்ணி அடிச்சுக் கழுவுங்கண்ணே" என்றேன். கழுவினார், பாவம், சொன்னபடியே. இரண்டு மாதத்தில் வண்டி பழைய இரும்புக்குப் போனது. அவர் கழுவியது போர்வெல் தண்ணீரில். அந்தத் தண்ணீர் உப்பு என்று ஆய்வு அறிக்கையில் எழுதிக் கொடுத்ததே நான்தான். பயிருக்கு ஆகாது என்று சொன்ன தண்ணீரை இரும்புக்கு ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

சரியான முறை வேறு. முதலில் ஈரமே படக் கூடாது. உலர்ந்த கரியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். துணியால் அழுத்தித் தேய்த்தால் கரி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். கம்ப்ரஸர் காற்றோ, சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரோ வேண்டாம். இரண்டும் கரியைப் பேரிங்குக்கும் வயர் இணைப்புக்கும் உள்ளே தள்ளிவிடும். அன்றே முழுதாகக் கழுவ ஆள் இல்லையென்றால், பளபளக்கும் வெற்று இரும்புப் பகுதிகளில் மட்டும் கரியைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். பவர் ஸ்டீயரிங் ராடு, டிப்பர் சிலிண்டர் ராடு, பி.டி.ஓ. தண்டு இவைதான் முதலில் பொரியும்.

அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, மென்மையான துணியில் நனைத்துத் துடையுங்கள். சோடா அமிலத்தை முறிக்கும்; ஆனால் குளோரைடு உப்பு அங்கேயே இருக்கும். அது போவதற்கு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மழைநீர், ஆற்றுநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். கேன் தண்ணீர் வாங்க நூறு, இருநூறு ரூபாய் ஆகும். ஒரு செல்ஃப் மோட்டார் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாக அமில-காரக் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கலாம். மண் பரிசோதனைக்கு வைத்திருக்கும் அதே காகிதம் போதும். பிறகு வெயிலில் உலர்த்தி, எண்ணெய், கிரீஸ். மின் இணைப்புகளுக்குத் தண்ணீர் வேண்டாம். ஒவ்வொரு கப்ளரையும் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். 2023 ஜனவரிக்குப் பிறகு புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த, 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களில் இன்ஜினை நடத்துவதே கணினிப் பெட்டி. அவற்றை உள்ளூரில் பிரிக்க வேண்டாம்.

செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள். 'ஓடுதா பார்ப்போம்' என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும். புகை ஏர் ஃபில்டரில் அடைந்திருக்கும். கியர் பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாகவும் போயிருக்கும். ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றிவிட்டு, முதலில் கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்த்து, தடையில்லை என்று தெரிந்த பிறகே செல்ஃப். வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

இதுவரை சொன்னது புகை பட்ட வண்டிக்கு. சூடு பட்ட வண்டி வேறு கதை.

2017 மே 31 அதிகாலை, தி.நகர் உஸ்மான் சாலையில் தி சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அடர்ந்த புகையால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போகவே திணறினார்கள். கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மிச்சத்தையும் பிறகு இயந்திரம் வைத்து இடித்தார்கள். அதைப் பார்த்தபோது, கான்கிரீட் எரியாதே, ஏன் விழுகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. கம்பி உருக 1,500 டிகிரி வேண்டும். ஆனால் 550, 600 டிகிரியிலேயே இரும்பின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உருகாமலே தளர்ந்துபோகும். வெளியே நேராக நிற்பது உள்ளே பலமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

டிராக்டர் எவ்வளவு சூட்டைத் தாங்கியது என்று கண்டுபிடிக்கத் தெர்மாமீட்டர் வேண்டாம், வண்டியே சொல்லும். பாலிஎத்திலீன் மூடி மட்டும் வழிந்திருந்தால் 130 டிகிரி பக்கம். வயர் இணைப்பில் ஈயப் பற்று உருகியிருந்தால் 180-க்கு மேல். துத்தநாக வார்ப்பு உருகியிருந்தால் 380 தாண்டியிருக்கிறது. அலுமினியம் ஒழுகியிருந்தால் 600-க்குப் பக்கம் அல்லது மேலே. அந்தப் பக்கத்தில் இருந்த எதையும் நம்பக் கூடாது. பளபளப்பான இரும்பில் வைக்கோல் நிறம் ஏறியிருந்தால் 220, நீலம் ஏறியிருந்தால் 300 டிகிரி.

நீலம் ஏறிய பேரிங்கும் வால்வு ஸ்பிரிங்கும் கடினம் இழந்தவை, தூக்கிப் போடுங்கள். ரோட்டோவேட்டர் பிளேடு எவ்வளவு சூடானது என்று சந்தேகமாக இருந்தால் அரத்தால் ராவிப் பாருங்கள். நல்ல பிளேடில் அரம் வழுக்கும். வெந்த பிளேடை அரம் கடிக்கும். ஹைட்ராலிக் ஹோஸ்களில் ஒன்று வெந்திருந்தாலும் அந்தப் பக்கத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். தொட்டால் நன்றாகத்தான் இருக்கும், லோடு ஏற்றும்போது வெடிக்கும். வெந்த வயரிங்கை டேப் சுற்றி ஒப்பேற்றுவதும் நம் ஊர் வழக்கம். அடுத்த தீ அங்கேயிருந்துதான் வரும்.

டிராக்டர் இல்லாதவர்கள் இதை எல்லாம் படித்துவிட்டு நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பம்புசெட் அறையில் ஸ்டார்ட்டர் பெட்டி பொசுங்குவது தினசரி நடப்பது. எரிந்த கான்டாக்டரை மாற்றிவிட்டு அன்றே மோட்டாரைப் போடுகிறோம். பெட்டிக்குள் படிந்த கரி அமிலம் மட்டும் இல்லை, மின்சாரத்தையும் கடத்தும். ஈரமான காலையில் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து மறுபடி தீப்பிடிக்கும். பெட்டியைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். மெயினை நிறுத்திவிட்டு பெட்டி முழுவதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மோட்டார் சுருளை எலெக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்கவே கூடாது.

பணத்துக்கு வருகிறேன். பலரும் டிராக்டருக்குப் போடுவது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். சட்டத்துக்கு அது போதும். வண்டி எரிந்தால் அதில் ஒரு பைசா வராது. சொந்த சேதத்துக்கும் சேர்த்துப் போட்ட பாலிசியில்தான் தீ அடங்கும். டிரெய்லரும் கருவிகளும் அதில் தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தீப்பிடித்தால் 101-க்குச் சொல்லி, பிறகு தீயணைப்புத் துறையின் சான்றையும் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலையும் வாங்கி வையுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கு அன்றே தகவல். கரியைத் தொடுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் போட்டோ, எண் பலகை, சேஸிஸ் எண் தெரிய.

இங்கே ஒரு குழப்பம் வரும். சர்வேயர் வரும்வரை தொடாதே என்பார்கள். நானோ இரண்டு நாளில் சுத்தம் செய் என்கிறேன். சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. அதனால் போட்டோ எடுத்து, 'துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசுகிறேன், எதையும் கழற்றவில்லை' என்று கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு எண்ணெய் பூசுங்கள். கழற்றிய பாகங்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வரும் தொகை எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி கழிப்பார்கள். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்குத் தக்கபடி கழிவு. பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கணக்கு. வண்டி மேல் கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும்.

கோரிக்கையை மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள். நந்தனத்துக்கு வேளாண் பொறியியல் அலுவலகம் தேடி வருகிற விவசாயிகள், அடுத்த நிறுத்தத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாமலே ஊர் திரும்புகிறார்கள்.

நம் வாசகரிடம் இருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். வயரிங் முழுதும் மாற்றி, செல்ஃபையும் டைனமோவையும் பிரித்து, ஸ்டீயரிங் சிலிண்டரும் புதிதாகப் போட்டு, நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கைக்காசு போயிருக்கிறது. இன்ஜின் ஆயிலை மட்டும் அவர் மாற்றவே இல்லை என்று போனில் பேசும்போது தெரிந்தது. "அன்னிக்கு ராத்திரியே மாத்திடறேன் சார்" என்றார். மாற்றிவிட்டாராம். இப்போது வண்டி கொட்டகையில் இல்லை. வைக்கோலும் குழாயும் ஒரு கூரை, டிராக்டர் தனிக் கூரை என்று பிரித்துவிட்டார்.

கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் இன்னொரு கேள்வியும் எழுதியிருந்தார்: தீயில் தப்பித்த, புகை ஏறிய வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா? போடாதீர்கள். குழாயும் கந்தகமும் எரிந்த புகை அது. தண்ணீர் பட்டு உள்ளே பூஞ்சணமும் பிடித்திருக்கும். உருகிய பிளாஸ்டிக் கலக்காத பகுதி என்றால் மட்டும் எருக்குழியில் போடலாம்.